பஞ்சுக்குள் கை

முகப்பேர் ஃபிளாட்டில் காரை எடுப்பதற்கு முன் பானெட்டை ஓங்கித் தட்டுவேன். "உள்ள யாரும்மா இருக்காங்க?" என்று இன்றும் மகள் சிரித்தாள்.

நான் சிறுமியாக இருந்தபோது குமணன்சாவடியில் அத்தாவுக்கு மெத்தைக் கடை. பஞ்சு அடிக்கும் மெஷின் ஓடினால் என் தலையிலும் அம்மாவின் முக்காட்டிலும் டீயிலும்கூடப் பஞ்சு மிதக்கும். மெஷினின் இரும்புப் பற்கள் எதையும் கிழித்துவிடும்.

கடைக்குள் ஒரு சாம்பல் நிறத் தெருப்பூனை வந்து படுக்கும். "மெத்தைல முடி கீதுன்னு கஸ்டமர் திட்றான்" என்று அத்தா துரத்துவார். அதட்டினாலே ஓடிவிடும்.

ஒரு நாள் மூலையில் கிடந்த சாக்கை இழுத்து, பஞ்சை அப்படியே மெஷினில் கவிழ்த்துவிட்டு சுவிட்சில் கை வைத்தார். பூனை பாய்ந்து வந்து அவர் காலைப் பிறாண்டியது. கம்பை ஓங்கினார். அது நகராமல் சீறியது.

"மெஷினப் போட்டுடாதீங்க! அது ஏன் ஓடாம நிக்குது?" என்று அம்மா கத்தினாள்.

அத்தா பஞ்சுக்குள் மெல்லக் கையை விட்டார். கண் திறக்காத குட்டி ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒனக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்று பூனையைக் கேட்டார். "சரி, இங்கியே கெட."

அதன்பின், "எல்லாம் வெளிய கீறீங்களா?" என்று கேட்காமல் அவர் சுவிட்சைத் தொட்டதில்லை. பூனை செத்து, குட்டிகள் போன பிறகும் கேட்டார்.

இந்தக் காரின் பானெட்டுக்குள் பூனை புகுந்து நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சாவியைத் திருகினேன்.