புளிக்கை

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். நாலாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கனடாவில் சவரத்துக்கென்று கடையில் ஒரு சுவர் முழுக்க நுரையும் களிம்பும் அடுக்கியிருக்கிறார்கள். என் மகனுக்கு அவன் அப்பாவைப் போலவே தாடையில் கரப்பான். இங்கே எக்ஸிமா என்கிறார்கள். சவரம் செய்த அன்று முகம் வெந்தது போலாகிவிடும். வாசனை சேர்க்காத களிம்பு வாங்கலாம் என்று போன வாரம் தனியாக ஃபார்மசிக்குப் போனேன். அங்கே நின்ற பெண்ணிடம் என் தாடையைத் தொட்டு, விரலைக் கத்தி போல இழுத்து, சொறிந்து காட்டினேன். அவள் பரிவாக என் தோளைத் தொட்டு, "இட்ஸ் ஓகே" என்று மெல்லச் சொல்லி, பெண்கள் மீசை எடுக்கிற களிம்பு இருந்த பக்கம் கூட்டிப்போனாள். மறுக்கக் கூச்சமாக இருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மகன் சிரித்த சிரிப்பில் அவன் தாடை இன்னும் சிவந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி, அடிவாரத்து ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறினேன். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு சின்ன மிஷன் பள்ளியில் வாத்தியார். வேலை நிரந்தரமாகவில்லை. ஈஸ்டருக்கு முன்னால் மேனேஜர் வந்து பார்த்து முடிவு சொல்வார். அந்த மேனேஜருக்குத் தாடி ஆகாது. நீர் வடிகிற முகமும் ஆகாது, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பார். என் வீட்டுக்காரருக்கோ சவரம் செய்தால் கரப்பான் வடியும், செய்யாவிட்டால் தாடி. என்னதான் செய்வார் மனிதர்?

வாரம் ஒருமுறை கீழேயிருந்து நாவிதர் வருவார். சவரம் முடிந்ததும் படிகாரக் கட்டியை அழுத்தித் தேய்ப்பார்.

"ஊர்ல எல்லார் தாடையும் நல்லாக்கீது. உங்க தாடைக்கு மட்டும் என் கத்தி ஆகலியா வாத்தியாரே?" என்பார்.

நானும் மனதுக்குள் அவரைத்தான் வைவேன். அவர் போனதும் தேங்காயெண்ணெயை எடுத்து வீட்டுக்காரர் தாடையில் பதமாகத் தடவிவிடுவேன். அப்படியும் மறுநாள் நீர் வடியும்.

அது புளிக்காலம். பகலெல்லாம் பக்கத்து வீட்டுக் குப்பம்மாளோடு உட்கார்ந்து புளியில் கொட்டை எடுப்பேன். ஒருநாள் அவளுக்கு விரலில் அரிவாள் பட்டது. துணி சுற்றப் போனேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"யம்மா, தொடாத. உன் கையெல்லாம் புளி. எரியுது."

கையைத்தான் கழுவியிருந்தேனே என்று விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். நகக்கண் வரை புளிப்பு.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஏங்க, நான் எண்ணெ தடவுறப்ப எரிஞ்சுதா?"

"கொஞ்சம்."

"சொல்லக்கூடாதா?"

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கல்யாணமாகி ரெண்டு மாசம். நீ என்னைத் தொடறதே அப்பதான். எரியுதுன்னு சொல்லி அதையும் நிறுத்திக்கவா?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதன்பிறகு நாவிதர் கத்தி தீட்டுமுன் வெந்நீரில் நனைத்த துணியை நான் தாடையில் போட்டு வைப்பேன். மயிர் படிந்த திசையிலேயே ஒரே இழுப்பு, திரும்ப இழுக்கக்கூடாது. புளி மாதிரி எரிக்கிற படிகாரமும் கிடையாது. "படிகாரமில்லாம இன்னா சவரம்" என்று நாவிதர் முனகினார். பச்சைத்தண்ணீர் விட்டுக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து எண்ணெய். அதற்கு மட்டும் நான்தான், சீயக்காய் போட்டு மூன்று தரம் கை கழுவிய பிறகு. வடிகிற வாரம் கத்தியே வைக்கவில்லை. கரப்பான் அதோடு ஓடிவிடவில்லை. ஆனால் மேனேஜர் வந்த அன்று தாடையில் ஒரு சிவப்புத் திட்டு மட்டும் இருந்தது. "வெயிலா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றார் இவர். வேலை நிரந்தரமானது.

இங்கே புளி கொட்டையில்லாமல் பிளாஸ்டிக் உறையில் வருகிறது. நான் சமைத்தே பல நாளாகிறது. ஆனாலும் நேற்று மகனே வாங்கி வந்த வாசனையில்லாத களிம்பை அவன் தாடையில் தடவுமுன் விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சோப்புதான் கசந்தது. ஏனோ கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

ஈஸ்டருக்கு முன்னாலேயே மலையில் புளி உலுக்கிவிடுவார்களா என்று இப்போது எனக்கே சந்தேகம். அந்தப் பக்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.