சானோவின் வாளியில் மஞ்சள் தோட்டாக்கள்

சந்தேகம் என் பிறவிக்குணம் என்று என் மனைவி சொல்வாள். இருக்கட்டும். இருபத்தைந்து வருடம் பால்பண்ணையில் மாட்டுக்குத் தீனி அளந்து போட்டவன் நான். கிடங்கில் யார் கைவைக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே கண் பழகிப்போனது. அந்தக் கண்ணோடுதான் சானோவையும் ஆறு வருடம் பார்த்தேன்.

முழுப்பெயர் பொன்சியானோ எகுர்ரோலா. அந்தப் பெயரைப் பாதிரியாரும் சம்பளப் பட்டியலும் தவிர யாரும் பயன்படுத்தியதில்லை. பருத்தி பறிக்க வந்தவர்களின் கொட்டகையில் பிறந்தவன். பதினெட்டு வயதில் வாய்க்கால் வேலைக்குச் சேர்ந்து, முப்பத்தோரு வருடம் பண்ணைகளுக்கு மடை திறந்துவிட்டான். மடையில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டே எவன் வயலுக்கு எவ்வளவு போகிறது என்று சொல்லிவிடுவான். அவனை ஏமாற்றப் பார்த்த பண்ணையார்கள் நிறைய பேர். ஏமாற்றிக் காட்டியவன் ஒருவனும் இல்லை.

என் மகள் ஒடிலியாவுக்கு ஞானத்தகப்பன் அவன்தான். ஞானஸ்நானம் முடிந்த அன்றிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் அழைப்போம், வாங்க போங்க என்று மரியாதையோடு. அவன் மனைவி எர்மெலிண்டா எனக்குக் 'கொமாத்ரே'. இந்த உறவில் சண்டை கூடாது, பொய் கூடாது என்பார்கள். காட்டிக்கொடுக்கக் கூடாது என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வரும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

கீலா ஆறு எங்கள் பக்கம் பெரும்பாலும் வெறும் மணல். வயல்களில் மிஞ்சிய தண்ணீர் வந்து சேரும் ஒரு வளைவில் மட்டும் ஈரம் இருக்கும், நாணல் இருக்கும், சீமைக்கருவேலம் இருக்கும். வனவிலங்குத் துறை அங்கே பறவைகளுக்கென்று சோளம் விதைத்து வைத்திருக்கிறது. செப்டம்பர் முதல் தேதி விடியலில் புறா வேட்டை திறக்கும். நாற்காலி, ஐஸ் பெட்டி, நாய் என்று குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவோம். ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து. அவரவர் பதினைந்தை அவரவரே சுட வேண்டும். உரித்தாலும் ஒரு இறக்கையை உடம்போடு விட்டு வைக்க வேண்டும், எந்த இனம் என்று அதிகாரி பார்ப்பதற்கு. சுட்ட தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு போக வேண்டும். இதெல்லாம் சட்டம். எந்த மரத்தடி எந்தக் குடும்பத்துக்கு என்பதும், பதினைந்தைக் கடைசியாக முடிப்பவன் எல்லோருக்கும் காலைச் சாப்பாடு சமைக்க வேண்டும் என்பதும் நாங்களாக வைத்துக்கொண்டது.

மடைக் கதவிலிருந்து மூன்றாவது மரம் சானோவுடையது. நான்காவது என்னுடையது.

சர்க்கரை வியாதி அவன் கண்ணைத் தொட்டபோது வேலையை விட்டான். லாரி ஓட்டுவதையும் விட்டான். "லேசர் வச்சாங்க கொம்பாத்ரே, இப்ப தேவலை" என்றான். நம்பினேன். முட்டி வலி என்று எர்மெலிண்டாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அதையும் நம்பினேன். ஏழு மணிக்குள் பதினைந்து முடித்துவிட்டு நிழலில் உட்கார்ந்து என்னைக் கிண்டல் செய்தானே, அதைத்தான் நம்ப முடியவில்லை.

"என்ன கொம்பாத்ரே, புறாவுக்கு வயசாகி அதுவா விழுந்து சாகட்டும்னு காத்திருக்கீங்களா?"

சுற்றிலும் சிரிப்பார்கள். தொடர்ந்து இரண்டு வருடம் நான்தான் சமைத்தேன். வயிறு எரிந்தது, மறைப்பானேன்?

எர்மெலிண்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பின்கண்ணாடியில் அறுபது பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்த்துப் பழகியவள். என் சந்தேகம் எல்லாம் அவள் சந்தேகத்துக்குக் கால் தூசு பெறாது. அந்த மரத்தடிக்கு யாராவது நடந்தால், பாதி வழியிலேயே எழுந்து வந்து மறிப்பாள். "என்ன வேணும்? அங்கயே நில்லுங்க, நான் கொண்டாறேன்." ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் இப்படி இல்லை. எதையோ மறைக்கிறவர்கள்தான் இப்படி எழுந்து வருவார்கள் என்று நினைத்தேன். அதில் தப்பில்லை. எதை என்பதில்தான் தப்பு.

போன வருடம் பறவையை விட்டுவிட்டு அவர்களையே கவனித்தேன். இருவரும் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல உட்கார்ந்திருந்தார்கள். சானோ துப்பாக்கியைத் தூக்குவான், திருப்புவான். உதடு அசையும். வெடி வெடிக்கும். அவன் தோள் மட்டும் அசையவே அசையாது. அவனுடையது பன்னிரண்டாம் எண் துப்பாக்கி, கழுதை மாதிரி உதைக்கும். உதை வாங்காத தோள் உண்டா?

அவள் நாய்க்குத் தண்ணீர் காட்ட ஆற்றுப் பக்கம் இறங்கிய நேரம் பார்த்து, ஐஸ் கேட்கும் சாக்கில் போனேன்.

"யாரு?" என்றான் சானோ, நான் எதிரில் வந்து நின்ற பிறகு.

"நான்தான். கொஞ்சம் ஐஸ் இருந்தா..."

"எடுத்துக்குங்க கொம்பாத்ரே. இன்னிக்கு எத்தனை? ரெண்டா, மூணா?" என்று சிரித்தான். "நான் பன்னெண்டு. செப்டம்பர் ஒண்ணாந்தேதி ஒண்ணு இருக்கறதாலதான் மீதி நாளைத் தள்ளிக்கிட்டிருக்கேன்."

அவன் காலடி வாளியில் தோட்டாக் கூடுகள் கிடந்தன. எல்லாம் மஞ்சள். என் கை ஐஸிலேயே நின்றுவிட்டது. மஞ்சள் என்றால் இருபதாம் எண் துப்பாக்கிக்கு, அது குழல் சிறியது. பன்னிரண்டாம் எண் குழலுக்குள் தப்பித்தவறிப் போட்டுவிட்டால் துப்பாக்கியே வெடித்துவிடும் என்றுதான் அதற்குத் தனி நிறமே வைத்திருக்கிறார்கள். எர்மெலிண்டாவுடையது இருபது. கூடுகளைப் பொறுக்கிய அவள் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டிருக்கிறாள். நிறத்தை மறந்துவிட்டாள். சானோவின் சிவப்புத் தோட்டாப் பெட்டி முத்திரை பிரிக்காமல் பக்கத்திலேயே இருந்தது.

ஆக, இவள் முப்பது சுடுகிறாள், இவன் பொம்மையாக உட்கார்ந்து என்னைக் கிண்டல் செய்கிறான். இவர்கள் திருட்டுப் பதினைந்துக்காகவா நான் இரண்டு வருடம் சட்டி கழுவினேன்? என் லாரிக்குப் பின்னால் போய் நின்று துறையின் புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். பெயர் கேட்டார்கள், சொல்லவில்லை. "மடையிலிருந்து மூணாவது மரம். பன்னெண்டு புறா, ஒரு தடவைகூட சுடலை" என்றேன்.

அதற்குப் பிறகு புறா வரத்தே நின்றிருந்தது. முக்கால் மணி நேரத்தில் வந்தாள் அதிகாரி. சின்னப் பெண், மரியாதையான பெண். பன்னிரண்டு புறா என்று புகார் வந்திருப்பதாகச் சொல்லி உரிமம் கேட்டாள், எர்மெலிண்டா எடுத்துக் கொடுத்ததை வாங்கிப் பார்த்தாள். ஐஸ் பெட்டியைத் திறந்து இறக்கைகளைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். சானோவின் துப்பாக்கிக் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தாள். துடைத்து வைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி இருந்திருக்கும்.

"இந்தப் பன்னெண்டையும் சுட்டது யாருங்க, ஐயா?"

"அவர்தான்" என்றாள் எர்மெலிண்டா.

அதிகாரி ஒன்றும் சொல்லாமல் உரிமத்தைச் சானோவிடம் திருப்பி நீட்டினாள். அவன் கை எழவில்லை. அட்டை அவன் முகத்துக்கு ஒரு முழத்துக்கு முன்னால் நிற்கிறது, அவனோ அவள் குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

அக்கம்பக்கத்து மரத்தடிகளிலிருந்து நாற்பது பேர் பார்த்தார்கள்.

"எதையாவது நீட்டுறீங்களா?" என்றான் கடைசியில்.

எர்மெலிண்டா அட்டையை வாங்கினாள். "எல்லாம் நான்தான் சுட்டேன். அவருக்குக் கண்ணு தெரியாது. ஆறு வருஷமாத் தெரியாது. ஆனா சுடற இடம் சொல்றது அவர்தான். இறக்கைச் சத்தத்தை வச்சே எந்தப் பக்கம், எத்தனைன்னு சொல்லிடுவாரு. நான் அந்தப் பக்கம் திரும்பிச் சுடுவேன். அப்ப அது யாரோட புறா? நீங்களே சொல்லுங்கம்மா."

அந்தப் பெண் சட்டத்தில் இருந்த பதிலை எழுதிக் கொடுத்தாள். புறாக்கள் போயின. எர்மெலிண்டாவின் உரிமமும் சில வருடங்களுக்குப் போனது. சானோ அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, லாரி வரை நடந்தான். முட்டி வலி என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. கூசாமல் அன்றைக்கும் சமைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு எர்மெலிண்டா ஊரையே சல்லடை போட்டுச் சலித்தாள். ஐந்தாவது மரத்துக்காரன் எதற்குக் கண்ணைப் பார்க்காமல் பேசுகிறான்? தோட்டாக் கடைக்காரி எதற்கு அக்கறையாக விசாரிக்கிறாள்? தேவாலயப் பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் பாதிப் பேருக்குக் கை கொடுப்பதை நிறுத்தினாள். அவள் ஒவ்வொரு பெயராக எண்ண, நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

இந்த ஆகஸ்டில் ஒரு மதியம் ஒரு சட்டி தமாலேயோடு வீட்டுக்கு வந்தாள். சோளமாவில் கறி வைத்து அவித்தது, கிறிஸ்துமஸுக்கு மட்டும் செய்வாள்.

"கொம்பாத்ரே, ஒரு உதவி. இந்த ஊர்ல நான் சந்தேகப்படாத ஆள் நீங்க ஒருத்தர்தான். ஒண்ணாந்தேதி அவரை உங்ககூட உட்கார வச்சுக்குங்க. அவர் சொல்லட்டும், நீங்க சுடுங்க. உங்க பதினஞ்சு மட்டும் போதும். வீட்ல உட்கார்ந்து உட்கார்ந்து செத்துப்போயிடுவாரு."

சட்டி கையைச் சுட்டது. "அதுக்கென்ன கொமாத்ரே" என்றேன்.

முதல் தேதி விடியலில் சானோவை என் மரத்தடிக்கு அழைத்து வந்து முதுகோடு முதுகாக உட்கார வைத்தேன். துப்பாக்கி இல்லை, வெறும் கை. ஆனால் முகத்தில் சந்தோஷம் வழிந்தது. "இடது. தாழ. ரெண்டு" என்பான். திரும்பினால் இரண்டு இருக்கும். "நேரா. ஒசரம். விட்டுடுங்க, எட்டாது." என் வாழ்நாளில் நான் அப்படிச் சுட்டதில்லை. வெயில் ஏறுவதற்குள் பதினான்கு.

கொஞ்ச நேரம் எதுவும் பறக்கவில்லை. சானோ திரும்பாமலே பேசினான்.

"போன் பண்ணது நீங்கதானே, கொம்பாத்ரே?"

துப்பாக்கியை மடியில் இறக்கினேன்.

"பன்னெண்டு புறான்னு புகார் வந்துச்சுன்னு அந்தப் பொண்ணு சொன்னப்பவே தெரியும். பன்னெண்டுன்னு நான் சொன்னது உங்ககிட்ட மட்டும்தான். மத்தவனெல்லாம் அவனவன் புறாவை எண்ணிக்கிட்டிருந்தான். என் புறாவை எண்ணின ஒரே ஆள் நீங்கதான்."

"கொம்பாத்ரே, எனக்குக் கண்ணு விஷயம் தெரியாது... சத்தியமா..."

"தெரிஞ்சிருந்தா பண்ணியிருக்க மாட்டீங்க. அதுவும் தெரியும்." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "அவகிட்ட சொல்லலை. சொல்லவும் மாட்டேன். நம்புறதுக்கு அவளுக்கு ஒரு ஆளாவது வேணும். வலது. தாழ. ஒண்ணு."

திரும்பிச் சுட்டேன். விழுந்தது. எழுந்து போய் எடுத்து வந்தேன். மண்ணில் போட்ட சத்தத்தைக் கேட்டு அவன் தலையை ஆட்டினான்.

"பதினஞ்சு" என்றான் சானோ. "தோட்டாவை வெளியே எடுத்துடுங்க, கொம்பாத்ரே. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."