புரோமோவின் விளிம்பில் அக்காவும் நானும்

காலை ஆறு மணிக்கு விடுதிக் கதவைத் திறந்தபோதுதான், முதல்நாள் மழையில் ஒன்றும் தெரியாமல் வந்து இறங்கிய செமோரோ லவாங் ஊர் ஒரு மாபெரும் பள்ளத்தின் கரையில் இருப்பதைக் கண்டோம். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் வழியாகச் சுரபாயா, அங்கிருந்து வான் வண்டியில் நான்கு மணித்தியாலம். எரிமலை பார்க்க ஆசைப்பட்டது கொழும்பு பாமன்கடையில் இருக்கும் என் அக்கா. வயது அறுபத்திரண்டு, எட்டு மாதத்துக்கு முன்புதான் முழங்காலில் சத்திரசிகிச்சை. காவலுக்கு என்று சொல்லிக்கொண்டு நானும் கிளம்பினேன்.

முன்பு இங்கே நின்ற பெருமலை பொங்கி உள்ளே இடிந்து விழுந்ததில் உண்டானது அந்தப் பள்ளம். அகலம் பத்துக் கிலோமீற்றர், தரை முழுவதும் கறுத்த மணல். நடுவே பிறகு முளைத்த மலைகள். பச்சைப் பாவாடையை மடிப்பு மடிப்பாக விரித்தாற்போல் பாத்தோக். அதன் பக்கத்தில், தலை வெட்டுண்டு புகைந்துகொண்டிருக்கும் புரோமோ, 2,329 மீற்றர். எல்லாவற்றுக்கும் பின்னால் செமேரு எரிமலை, அவ்வப்போது ஒரு சாம்பல் உருண்டையை வானத்தில் ஊதிவிட்டது.

எட்டு மணிக்கு ஜீப் வந்தது. "விடியல் பார்க்க வந்த கூட்டம் போய்விட்டது. இனி மலை உங்களுக்குத்தான்" என்றார் சாரதி யாந்தோ, தெரிந்த ஆங்கிலத்தில். மணலைக் கடந்து ஜீப் நின்ற இடத்திலிருந்து அக்கா குதிரையில் வந்தார், நான் நடந்தேன். பிறகு செங்குத்தாக இருநூற்றைம்பது படி.

உச்சியில் நடைபாதை இரண்டு பேர் ஒதுங்கும் அகலம்தான். ஒரு பக்கம் ஏறிவந்த சரிவு, மறுபக்கம் எரிமலைவாய். உள்ளேயிருந்து, ஆடி மாதத்து வெள்ளவத்தைக் கடல்போல ஓர் இரைச்சல். கந்தக வாடை தொண்டையைப் பிடித்தது. கடைசிப் படியில் அப்படியே குந்திவிட்டேன்.

"அக்கா, பாத்தது காணும். வாங்கோ, இறங்குவம்."

"என்ர முழங்காலுக்கு ஒண்டுமில்லை. உனக்கென்ன, முகம் வெளுத்துப்போச்சு?"

"பயமாக்கிடக்கு."

அக்கா சிரிக்கவில்லை. கையை நீட்டினார். "கீழ பாக்காத. என்ர முதுகைப் பாத்துக்கொண்டு வா. அங்க பார், பிள்ளையாரே விளிம்பில பயப்பிடாமல் இருக்கிறார்."

உண்மைதான். சாம்பல் படிந்த பிள்ளையார் ஒருவர், காலடியில் புதுப் பூக்களோடு அமர்ந்திருந்தார். இங்குள்ள தெங்கர் மக்கள் இந்துக்கள். ஆண்டுக்கொருமுறை தம் விளைச்சலைக் கொண்டுவந்து இந்த வாய்க்குள் போடுகிறார்கள். பிள்ளையாரின் பக்கத்தில் நின்று கடைசியில் நானும் உள்ளே பார்த்தேன். மஞ்சள் கறை படிந்த பாறைகளுக்கிடையே வெண்புகை திரண்டு எழுந்தது. காற்று அதை விலக்கிய ஒரு கணம் அடியாழம் தெரிந்தது.

இறங்கிவந்து யாந்தோவிடம் கேட்டேன், "இது பொங்கினால்?"

"போன தடவை என் தோட்டம் முழுக்கச் சாம்பல். ஓடினோம். திரும்பி வந்து அந்தச் சாம்பலிலேயே நட்டோம். லீக்ஸ் தண்டு இவ்வளவு தடிப்பு!" என்று மணிக்கட்டைக் காட்டினார்.

எங்கள் மலைநாட்டுப் பாறைகள் எப்போதோ ஆறி அடங்கியவை. அடுத்த வருடமும் அப்படியே நிற்கும் என்ற நிச்சயத்தோடுதான் நுவரெலியாவில் லீக்ஸ் நடுகிறார்கள். இங்கே அந்த நிச்சயம் இல்லை.

இரண்டு மணிக்கு எங்கள் வான் வண்டி புறப்பட்டது. ஊர் எல்லையில் யாந்தோவும் மனைவியும் கறுத்த சரிவில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டு கையசைத்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் புகை நேராக மேலே போனது. அவர்கள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. நாங்கள்தான், வளைவு மறைக்கும்வரை, கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தோம்.