நாத்தனாரின் கட்டங்கள்

அலுவலகத்தில் அவளுக்கு மெஷின் என்று பெயர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். கல்யாணத்துக்குப் பிறகு தட்டச்சு பழகி வேலைக்கு வந்தாள். டாக்டர்கள் சார்பில் காப்பீட்டு நிறுவனங்களுக்கு பில் அனுப்பும் அலுவலகம் அது. கிளினிக்குகளிலிருந்து வரும் தாள்களைப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். விரல்கள் பறக்கும், வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதுதான் பெரும்பாடு.

அந்தக் கிளினிக்குகளில் ஒன்றின் வரவேற்பு மேஜையில் இருந்தது அவளுடைய நாத்தனார். கணவனைப் பிரிந்து அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டவள். வீட்டில் ஒரே அடுப்படி, ஒரே குளியலறை. வேலை விஷயமாகப் போனில் பேசும்போது மட்டும் இருவரும் “மேடம்” போட்டுக்கொள்வார்கள். “வீட்டுலயும் இந்த மரியாதை இருந்தா நான் நிம்மதியா இருப்பேனே,” என்பான் மெஷினின் கணவன்.

முன்பெல்லாம் எல்லாவற்றையும் பில் அலுவலகமே ஏற்றியது. நாத்தனார் வேலை பார்த்த கிளினிக்கின் டாக்டர் அதை மாற்றினார். நோயாளியின் பெயர், பிறந்த தேதி, காப்பீட்டு எண் ஆகிய கட்டங்களைக் கிளினிக்கிலேயே நிரப்ப வேண்டும். நோய், சிகிச்சை, கட்டணம் மட்டும் பில் அலுவலகத்தின் பாடு. ஆள் எதிரில் நிற்கும்போதே கேட்டுப் போட்டால் தப்பு வராது என்று நினைத்தார்.

நாத்தனார் ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினாள். வரிசை வாசலைத் தாண்டியது. தேதி மாறியது, எண் விட்டுப்போனது, அனுப்பிய பில்கள் திரும்பி வந்தன. “அடுத்த மாசமும் இப்படின்னா வேற பொண்ணைத்தான் பார்க்கணும்,” என்றார் டாக்டர். அன்று அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மறுபடி அண்ணன் கையை எதிர்பார்த்து நிற்பது அவளுக்கு உயிர் போகிற விஷயம்.

மெஷினுக்கு மனசு கேட்கவில்லை. கிளினிக்கிலிருந்து வரும் காப்பீட்டு அட்டை நகல்களைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் நோயாளிகளைத் தானே பதிந்துவிட்டாள். கூட்டம் கலைந்த பிறகு உட்கார்ந்து, நிதானமாகத் தப்பில்லாமல் ஏற்ற நாத்தனார் பழகிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் இரண்டு முறை பதிவானார்கள். இவள் ஒன்றில் கட்டணம் ஏற்ற, பக்கத்து மேஜைக்காரி மற்றதில் ஏற்றினாள். கட்டிய பணம் ஒரு பதிவில் வரவாக, மற்றது பாக்கியாகவே நின்று, பணம் கட்டியவர்களுக்கே பாக்கிக் கடிதம் போயிற்று.

“கட்டியாச்சே! என்னைப் பார்த்தா இளிச்சவாயன் மாதிரி தெரியுதா?” என்று ஒரு பெரியவர் கிளினிக்கில் மேஜையைத் தட்டினார்.

டாக்டர் பில் அலுவலகத்துக்குப் போன் போட்டார். மேனேஜர் மெஷினைக் கூப்பிட்டு, அவளும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தார்.

“எங்க கிளினிக் பொண்ணு ஒரே ஆளை ரெண்டு தடவை ஏத்தியிருக்கா. இனி இவ சரிப்பட மாட்டா.”

மெஷின் மேனேஜரின் கணினியில் அந்தப் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். “சார்... ரெண்டுல ஒண்ணு நான் போட்டது. அவங்க போட்டதெல்லாம் சரியாத்தான் இருக்கு. இப்பதான் பார்த்தேன்.”

“நீங்க எதுக்கும்மா போட்டீங்க?”

மேனேஜர் முறைத்தார்.

“சரி. அவ வேலையை அவளே பார்க்கட்டும்,” என்று டாக்டர் போனை வைத்தார்.

அன்று வீட்டில் நாத்தனார் கையிலிருந்து பாத்திரங்கள் ணங் ணங்கென்று விழுந்தன.

“காப்பாத்திட்டீங்க அண்ணி, ரொம்ப சந்தோஷம். ஆனா இவளால முடியாதுன்னு முடிவே கட்டிட்டீங்க, இல்ல?”

“அப்படி இல்லம்மா... நீ சாப்பிடாம படுத்தியே.”

“அதுக்குத் தட்டுல சாப்பாடு போடுங்க. என் கட்டத்துல கை வைக்காதீங்க.”

மெஷினுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

மறுநாள் வந்த ஒரு பதிவில் காப்பீட்டு எண் இல்லை. கூடவே வந்த அட்டை நகலில் அது பளிச்சென்று தெரிந்தது. ஒரு நொடி வேலை. விரல்கள் துறுதுறுத்தன. மெஷின் போனை எடுத்தாள்.

“மேடம், ஒரு எண் விட்டுப்போச்சு.”

“ஐயையோ, யாருக்கு மேடம்? இருங்க, வெச்சிடாதீங்க.”

ஒவ்வொரு எண்ணாக முணுமுணுத்துக்கொண்டே தட்டும் சத்தம் கேட்டது. நடுவில் ஒன்றை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மெஷின் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.