தரீஃபில் வெடித்த ஹோஸும் துபாயில் திறந்த கதவும்

வியாழக்கிழமை மதியம் 12.40. அபுதாபி பக்கம் தரீஃப் தாண்டும்போது ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, காருக்கு முன்னால் வெள்ளையாய் ஆவி எழுந்தது. துபாய்க்கு இன்னும் 270 கிலோமீட்டர் இருந்தது. மாலை ஆறு மணிக்கு அங்கே கிளப்பில் டென்னிஸ் பயிற்சிக்கான ஆள்தேர்வு முடிந்துவிடும்.

விடியலுக்கு முன்பே சவூதியின் அல் கோபாரிலிருந்து கிளம்பியிருந்தோம். எல்லை தாண்டியதும் மகள் நித்யா கறுப்பு அபாயா அங்கியைக் கழற்றி மடித்து, டென்னிஸ் மட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். பதினைந்து வயது. சவூதியில் அவள் ஆடக்கூடிய ஒரே இடம் எங்கள் காம்பவுண்டின் பின்சுவர்தான்.

தேர்வு நடத்துபவர் தென்னாப்பிரிக்கர். வெள்ளையர் மட்டுமே ஆடிய தொழில்முறைப் போட்டிகளில் முதலில் நுழைந்த கறுப்பர். களத்தில் இறங்க விட்டார்களே தவிர, உடை மாற்றும் அறைக்குள் விடவில்லை. அண்ணனின் பழைய காருக்குள் உடை மாற்றிக்கொண்டு வந்து ஆடினார். கோப்பை வாங்கிய அன்றும் அந்தக் காருக்குள்தான் வியர்வையைத் துடைத்தார். இதை வழியெல்லாம் என் கணவர் சொல்லிக்கொண்டே வந்தார், ஏதோ பக்கத்தில் நின்று பார்த்தவர்போல.

ஒரு லாரிக்காரர் எங்களை இழுத்துப்போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டார். மெக்கானிக் அறந்தாங்கிக்காரர்.

"பதறாதீங்கக்கா, அரை மணியில கலாஸ், முடிஞ்சிரும்."

"பாப்பா எந்த ஊருக்கு ஆடுது?" என்று மட்டையைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் எந்த ஊரும் கேக்கலண்ணே," என்றாள் நித்யா.

அரை மணி இரண்டரை மணியானது. நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டேன். ஹோஸுக்கு 35 திர்ஹம். கூலி வேண்டாம் என்றார்.

5.50க்குக் கிளப்பை அடைந்தோம். வெளியூர்ப் பிள்ளைகள் உடை மாற்றும் நேரம் முடிந்துவிட்டது, இனி அந்த அறை உறுப்பினர்களுக்கு மட்டும் என்றார் வரவேற்பில் இருந்தவர். கணவர் கெஞ்சியும் அசையவில்லை. வாதாட நேரமில்லை. ஊரில் பேருந்து நிலையத்தில் செய்வதைத்தான் செய்தேன்: துப்பட்டாவைக் கார் ஜன்னலில் செருகிக் கண்ணாடியை ஏற்றி மறைப்புக் கட்டினேன். "அம்மா, நீ அந்தப் பக்கம் நில்லு," என்றபடி நித்யா உள்ளே போனாள்.

அப்போது களத்திலிருந்து நரைத்த தலையோடு உயரமான ஒருவர், ஒரு காலைச் சற்று இழுத்தபடி வந்தார். துப்பட்டாவைப் பார்த்து நின்றார். மகள் உடை மாற்றுகிறாள் என்றேன்.

அவர் கார்க் கதவை மெல்லத் தட்டிவிட்டு, வாசலில் நின்ற வரவேற்பாளர் பக்கம் திரும்பினார். சத்தம் உயர்த்தாமல் ஆங்கிலத்தில் சொன்னார்:

"காருக்குள் உடை மாற்றி ஆடியது என்னோடு போகட்டும். அந்த அறையைத் திறந்துவிடுங்கள். அவள் வரும்வரை நான் இங்கேயே நிற்கிறேன்."