விழுந்த விமானமும் உம்மா பிடித்த கையும்

என் தங்கச்சி மக்காவுக்கு உம்ரா போய்வந்ததில் எனக்கு எரிச்சல் இல்லை. எங்களைப் பெற்ற உம்மாவையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாளே, அதில் கொஞ்சம் உண்டு. மீதி எரிச்சல் முழுக்க அந்த விமானம் செய்த வேலை.

எங்கள் பக்கத்தில் உம்ராவுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பார்கள். தெரிந்தோ தெரியாமலோ மனதை நோகடித்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்டு, பொருந்திக்கொண்டோம் என்ற சொல்லை வாங்கிக்கொண்டுதான் பயணம் போவார்கள். உம்மா முழங்கால் வலியோடு எங்கள் ஊர் பள்ளிவாசல்துறை முழுக்க நடந்தார். வேலிச் சண்டை போட்ட வீட்டுக்கும் போனார். பாண் ரொட்டி விற்கவரும் த்ரீவீல்காரரை மறித்து அவரிடமும் கேட்டார். என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

அவரோடு ஒரே வீட்டில் இருப்பவள் நான். முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பது நான். கறியில் உப்புக் கூடினாலும், கரண்ட் போனாலும் அவர் எரிந்து விழுவதும் என்மேல்தான். பொருத்தம் கேட்க வேண்டிய ஆள் ஊரில் ஒருத்தி இருந்தால் அது நான்தான். வேன் வந்ததும் வாசலில் போய் அதற்காகவே நின்றேன். கோழிக்குத் தண்ணீர் வைக்க மறந்துவிடாதே என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். மறந்துதான் போனாரா, இல்லை இவளிடம் என்ன கேட்பது என்று நினைத்தாரா? அவர் திரும்பி வரும்வரை கோழிகளைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் நினைவு.

திரும்பி வந்தவர்கள் முதலில் புத்தளத்தில் தங்கச்சி வீட்டில்தான் இறங்கினார்கள். அவள் கணவர் உப்பளக்காரர், பெரிய வீடு. உம்மாவைப் பார்க்க நானும் அங்கே போய்விட்டேன். மக்காவின் ஸம்ஸம் தண்ணீரும் ஈத்தம்பழமும் வாங்க வந்தவர்கள் விமானக் கதை கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். திரும்பும் வழியில், சாப்பிட்டு எல்லாரும் கண்ணயர்ந்த நேரம், விமானம் மூக்கை மேலே தூக்கியதாம். பிறகு ஒரேயடியாக விழுந்ததாம். கோப்பைகள் பறந்து கூரையில் அடித்தனவாம். கொஞ்ச நேரத்தில் விமானி பேசினாராம்: தானாக ஓட்டும் கருவியான ஓட்டோ பைலட் பிழை விட்டுவிட்டது, அதை நிறுத்திவிட்டுக் கையால் ஓட்டுகிறோம், பழைய உயரத்துக்கு வந்துவிட்டோம், பயப்பட வேண்டாம்.

தங்கச்சி இதைச் சொல்லும் விதம் இருக்கிறதே! முதலில் வந்தவர்களுக்கு விமானம் இரண்டு தென்னை உயரம் விழுந்தது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தவர்களுக்கு நுரைச்சோலை மின்நிலையப் புகைபோக்கி உயரம். ஆலங்குடாவிலிருந்து மாமிமார் வந்து சேர்ந்தபோது கீழே கடலில் அலை தெரிந்தது. கடைசியில் சட்டைக் கையை மேலே தள்ளி மணிக்கட்டைக் காட்டுவாள். உம்மாவின் நகம் பதிந்த தழும்பு. உம்மா இந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் சாகும் நேரத்தில் சொல்லும் கலிமாவை ஓதினார் என்பாள். மாமிமார் அதைத் தடவிக் கண்ணைத் துடைத்தார்கள். நான் குசினியில் அவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய கதையில் ஓட்டை பிடிக்கவென்றே போனில் ஓட்டோ பைலட் பற்றித் தேடித்தேடிக் கேட்டேன். ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் உயரம் கொடுத்திருப்பார்களாம். அதற்கு மேலேயும் கீழேயும் வேறு விமானங்கள் போகும், அதனால் உயரம் தவறுவது பெரிய விஷயம். உயரத்தையும் வேகத்தையும் அளக்கும் கருவி பொய் சொன்னால், ஓட்டோ பைலட் அதையே நம்பிப் பிழையாக ஓட்டுமாம். மறுநாள் சபையில் இதையெல்லாம் சொல்லி, இப்படி இடைக்கிடை நடக்கிறதுதான், பெல்ட் போட்டிருந்தால் பயமில்லை என்றேன். விழுந்தவர்களுக்குத்தானே தெரியும் என்றார் ஒரு மாமி. எல்லாரும் சிரித்தார்கள், நான் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அதில் ஒன்று மட்டும் மனதில் நின்றுவிட்டது. அந்தக் கருவி ஒழுங்காக ஓடும்வரை பயணிகளில் ஒருவருக்கும் அதன் நினைப்பே வராது. எங்கள் வீட்டில் நானும் அப்படித்தான்.

பிறகு உம்மாவை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பாயில் உட்கார்ந்ததும் தங்கச்சி விமானத்தைக் கிளப்பினாள். மூக்குத் தூக்கியது, கோப்பை பறந்தது, கடல் தெரிந்தது. சட்டைக் கையைத் தள்ளிக் கலிமாவுக்கு வந்தபோது, அதுவரை கதிரையில் சும்மா இருந்த உம்மா வாய் திறந்தார்.

"கலிமா பொறகுதான் வந்த. மொதல்ல வாயில வந்த மூத்தவட பேரு. ஊரெல்லாம் பொருத்தம் கேட்டுட்டு, இவகிட்ட கேக்காம மௌத்தாப் போறேனே எண்டுதான் கத்தின."

தங்கச்சி ஈத்தம்பழத் தட்டை இழுத்து, அடுக்கியிருந்த பழங்களைத் திரும்பவும் அடுக்கினாள். உம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீ ஊட்டோட இருக்கிற புள்ள. உன்னட்டயும் கேக்கணும் எண்டு விழக்குள்ளதான் வெளங்கின. என்னப் பொருந்திக்கோ மகள்."

பொருந்திக்கொண்டேன் என்றேன். வேலிச் சண்டை வீட்டுக்காரிக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னேன். அந்தப் பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் தங்கச்சியைப் பார்த்த அதே பார்வை. எனக்கு அது தேனாக இனித்தது, ஏன் மறைக்க வேண்டும்?

எல்லாரும் போனபின் தங்கச்சியை வழியனுப்ப வாசல் படலை வரை போனேன். கருவாட்டுப் பையை நீட்டினேன். அவள் வாங்காமல் நின்றாள். அழுதிருந்தாள்.

"ராத்தா, என்ட கையப் புடிச்சிக்கொண்டு உங்கட பேரச் சொன்னாங்க. அத நான் எப்படி வாற ஆக்களுக்குச் சொல்ற?"

பையை அவள் கையில் திணித்தேன். அப்போது சட்டைக் கை கொஞ்சம் மேலே போனது. தழும்பு பாதி மறைந்துவிட்டது, மீதி இன்னும் சிவப்பாக இருந்தது. அது என் கையில் இருந்திருக்கக்கூடாதா என்று அப்போதும் நினைத்தேன்.