கலியன் விழுங்கிய பாதி

கசார்வாடியில் லேத் பட்டறை வேலை பார்க்கும் கலியனுக்கு ஒரு பெருமை உண்டு. அக்கம்பக்கத்துத் தமிழர்கள் ஆஸ்பத்திரிக்கோ ரேஷன் ஆபீசுக்கோ போனால், இந்தி பேச அவனைத்தான் கூட்டிப் போவார்கள். கெட்ட சேதி என்றால் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் தமிழில் சொல்வான். அதற்கு நல்ல மனசுக்காரன் என்ற பேர் வேறு.

போன வருஷம் மனைவி பானுவிடமும் அதே வேலையைக் காட்டினான். அவளுக்குச் சப்பாத்தி தொண்டையில் இறங்காது. அப்படி வாய் உலர்ந்துவிடும். கண்ணில் மண் விழுந்தது போல உறுத்தும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறது என்றார் டாக்டரம்மா. பிறகு இந்தியில் ஒன்று சேர்த்தார்: "நிறையப் பேருக்கு வராது. சிலருக்கு மட்டும் லிம்போமா வரலாம். காதுக்குக் கீழே வீங்கி, வற்றாமல் நின்றால் உடனே வாங்க."

லிம்போமா என்பது புற்றுநோய் என்று கலியனுக்குத் தெரியும். பட்டறைச் சேட்டு போனது அதில்தான்.

"என்னாங்க சொல்றாங்க?" என்றாள் பானு.

"கண்ணுக்குச் சொட்டு மருந்து ஊத்தணுமாம். தண்ணி நெறைய குடிக்கணுமாம். அவ்ளோதான்."

வீக்கம் வந்தது. பல்வலியாக்கும் என்று பானு கிராம்பை அடக்கிக்கொண்டு, முந்தானையால் கன்னத்தை மூடியபடி நாலு மாதம் ஓட்டினாள். ஒரே வீட்டில் இருந்தும் கலியன் கவனிக்கவில்லை. எதிர்வீட்டு நஸ்ரின் சொன்ன பிறகுதான் அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

இன்று சதைப் பரிசோதனை முடிவு வந்தது. லிம்போமாதான். வைத்தியம் இருக்கிறது என்ற டாக்டரம்மா, கலியனைப் பார்த்து, "அன்றைக்கே சொன்னேனே, ஏன் இத்தனை நாள் வரவில்லை?" என்று கேட்டார்.

ஊருக்கெல்லாம் பேசிய வாய். இப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெட்கத்தில் அவன் தரையையே பார்த்தான்.

காய்கறிக்காரியிடம் பேரம் பேசிப் பழகிய இந்தி கொஞ்சம் பானுவிடம் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் மிச்சமும் புரிந்துவிட்டது. "இவர் சொன்னார். நான்தான் மறந்துட்டேன்" என்று அந்த இந்தியிலேயே தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

அதற்கு அவள் அவனை நாலு பேர் முன்னால் அறைந்திருக்கலாம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும், "இப்பவாவது முழுசா சொல்லுங்க" என்றாள்.

ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னான். அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அவனுக்குத்தான் தாரை தாரையாகக் கொட்டியது. அதை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.